எல்லவுக்கு நாங்களும் போவோம்

தீபாவளி முடிந்துவிட்டது. வாங்கிய முற்பணத்தின் கழிவு சம்பளத் துண்டில் ஏறத் தொடங்கும் நேரம் இது. இந்த நேரத்தில் "குடும்பத்தோடு இரண்டு நாள் எங்கேயாவது போய் வருவோம்" என்று சங்கப் பத்திரிகையில் எழுதினால், "டீச்சர்மாருக்கு என்ன, மாதம் பிறந்தால் சம்பளம்" என்று பெரட்டுக்களத்தில் பேச்சு வரும். வரட்டும். பேச்சு வந்தால்தான் விஷயம் கமிட்டிக் கூட்டம் வரைக்கும் வரும்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். 2026 மார்ச் 1 ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள் மெதின் போயா. ஒரு பேர்கூட இழக்காமல் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. அந்த இரண்டு நாளில் அட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டக் கமிட்டிகள் தங்கள் குடும்பங்களை எல்லவுக்குக் கூட்டிப் போக வேண்டும். நேர்த்திக்கடனுக்காக அல்ல, கலியாணம் கருமாதிக்காகவும் அல்ல. சும்மா பார்த்து, நடந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து வருவதற்காக.

"சும்மாவா?" என்று கேட்பவர்களுக்காகத்தான் மீதியை எழுதுகிறோம்.

சாமி பேரைச் சொன்னால்தான் பயணமா?

நம் ஆட்கள் பயணம் போகாதவர்கள் அல்ல. ஆடி மாதம் வந்தால் கதிர்காமத்துக்கு பஸ் பிடிக்கிறோம். மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போகிறோம், முன்னேஸ்வரத்துக்குப் போகிறோம். சீசன் நேரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக சிவனொளிபாதமலை ஏறி, மறுநாள் காலையில் கால் வலியோடு பெரட்டுக்கு நிற்கிறோம். கொழும்பில் கடையில் நிற்கும் மகனைப் பார்க்கவும், கண்டி ஆஸ்பத்திரியில் கிடக்கும் தகப்பனைப் பார்க்கவும் போகிறோம். இதெல்லாம் பயணம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. சாமி கூப்பிட்டது, சொந்தம் செத்துப்போச்சு, பிள்ளைக்குச் சுகமில்லை. "எனக்குக் களைப்பாக இருக்கிறது, இரண்டு நாள் வேறு காற்று வேண்டும்" என்ற காரணத்தை நம் லயங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை.

சாமி பயணத்திலும் எல்லோருக்கும் ஓய்வு கிடைப்பதில்லை. கதிர்காமத்துக்குப் போய் இறங்கியதும் மூன்று கல் தேடி அடுப்பு வைப்பது யார்? அரிசி களைவது யார்? சின்னப் பிள்ளையின் ஈரத்துணியைப் பிழிந்து காயப்போடுவது யார்? லயத்தில் காலை நாலரைக்கு எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடையைத் தூக்குகிற அதே அக்காமார்தான். ஆண்களுக்கு அது பயணம். பெண்களுக்கு அடுப்பை இடம் மாற்றி வைத்த இன்னொரு நாள்.

ஆகவே இந்தப் பயணத்துக்கு முதல் விதி: இரண்டு நாளும் சமையல் ஆண்களின் பொறுப்பு. ஆணாகப் பிறந்தவருக்கு அரிசி வேகாது என்று எந்தச் சட்டமும் இல்லை. கோயில் திருவிழா அன்னதானத்துக்குப் பெரிய கிடாரத்தில் சோறு வடிப்பவர்கள் ஆண்கள்தானே. அதே கையால் எல்லவிலும் வடிக்கலாம்.

பிள்ளைகளின் கட்டுரைக் கொப்பி

ஒவ்வொரு தவணை விடுமுறைக்குப் பிறகும் தமிழ்ப் பாடத்தில் ஒரு தலைப்பு வரும்: "நான் சென்ற சுற்றுலா." தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்களுக்கு இந்தக் கட்டுரைகளைத் திருத்துவது பெரும் சங்கடம். முப்பது கொப்பியில் இருபது கொப்பியில் ஒரே சுற்றுலாதான் இருக்கும். அதிகாலையில் எழுந்து, நீராடி, பேருந்தில் ஏறி, இயற்கை அழகைக் கண்டு களித்து, மாலையில் மகிழ்வுடன் வீடு திரும்புவார்கள். வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து வரி மாறாமல் வந்த சுற்றுலா அது. பிள்ளை பொய் சொல்லவில்லை. பரீட்சைக்கு அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறது. தன் வாழ்க்கையில் எழுத ஒரு பயணம் இல்லாதபோது பிள்ளை வேறு என்ன செய்யும்?

இந்தப் பிள்ளைகள் இருப்பது எங்கே? உலகத்தின் மற்றப் பக்கத்திலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிற மலையில். 2024ஆம் ஆண்டில் மட்டும் 20 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடும் விளம்பரப் படங்களைப் பாருங்கள். பச்சை மலை, நீல நிறக் கோச்சி, கூடை கட்டிய ஒரு பெண். அந்தப் பெண் நம் அம்மா, நம் அக்கா. படத்தில் அவளுக்கு இடம் இருக்கிறது. கோச்சியில் ஜன்னல் ஓரத்து ஆசனத்தில் மட்டும் அவளைக் காணவில்லை.

அந்த ரயில் பாதையின் கதையும் நம் கதைதான். கோப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே வெள்ளைக்காரன் கொழும்பிலிருந்து மலைக்குப் பாதை போட்டான். 1867இல் கண்டிக்கு வந்தது. 1885இல் நானுஓயாவைத் தொட்டது. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல். இந்தக் காட்டை வெட்டி, கல்லை உடைத்து, மண்ணைச் சுமந்த கூட்டத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் பாட்டன் பூட்டன்மாரும் இருந்தார்கள். நாம் பறித்த கொழுந்து பெட்டியில் அடைபட்டு நூறு வருடமாக அந்தப் பாதையில் போயிருக்கிறது. நாமும் ஒருமுறை ஆளாக ஏறிப் போனால் என்ன?

"சம்பளப் பிரச்சினையை விட்டுட்டு டூரா?"

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 1,700 ரூபா என்று தொடங்கிய பேச்சு 2024 செப்டம்பரில் 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் கிலோவுக்குக் கிலோ எண்ணி வாங்க வேண்டியிருக்கிறது. மாதத்தில் எத்தனை நாள் வேலை தருவார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. லயத்துக் கூரை ஒழுகுகிறது, காணி உரிமை இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. இத்தனை இருக்கும்போது சங்கம் டூர் போவதா?

போகலாம் என்பதே எங்கள் கருத்து. போராட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு அல்ல. ஓய்வும் அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதி என்பதால் சொல்கிறோம். மே தினத்தில் நாம் நினைவுகூருகிற 1886ஆம் ஆண்டு சிக்காகோத் தொழிலாளர்கள் கேட்டது என்ன? எட்டு மணிநேர வேலை. மீதி நேரம் உறங்கவும், தன் விருப்பப்படி வாழவும். தொழிலாளர் இயக்கத்தின் ஆதிக் கோரிக்கையில் கூலியோடு நேரமும் இருந்தது. 1936இல் பிரான்சுத் தொழிலாளர்கள் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்து வென்றவற்றில் வருடத்துக்கு இரண்டு கிழமை சம்பளத்துடன் விடுமுறையும் ஒன்று. 1948இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆவது உறுப்புரை, ஓய்வும் சம்பளத்துடனான விடுமுறையும் ஒவ்வொரு மனிதருக்கும் உரியவை என்கிறது. தோட்டத் தொழிலாளி நீங்கலாக என்று அதில் எழுதியில்லை.

ஒரு ஒப்பீட்டையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களான எங்களுக்கும் மற்ற அரச ஊழியர்களுக்கும் குடும்பத்தோடு போய்வர வருடா வருடம் ரயில்வே வொரண்ட் கிடைக்கிறது. பல திணைக்களங்களுக்கு நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் குறைந்த செலவில் தங்க சர்க்கியூட் பங்களாக்கள் உண்டு. ஒரே பாடசாலைக்கு நாங்கள் படிப்பிக்க வருகிறோம், எங்கள் மாணவரின் பெற்றோர் அந்தப் பாடசாலைக்கு மேலே மலையில் கொழுந்தெடுக்கிறார்கள். எங்கள் பிள்ளைக்கு வொரண்ட் உண்டு. அவர்கள் பிள்ளைக்கு இல்லை. நாட்டுக்கு டொலர் கொண்டுவருவது யார் என்று பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்!

செலவுக்கு வழி

இனி நடைமுறை. இதுவே பயணத்தின் உயிர்நாடி.

சனி, திங்கள் என்று சாதாரணக் கிழமையில் வேலையை விட்டுப் போனால், இரண்டு பேர் வேலை செய்யும் குடும்பத்துக்கு நாலு பேர் போய்விடும். 2024 செப்டம்பரில் வந்த 1,350 ரூபா கணக்கில் நாலு தரம் என்றால் 5,400 ரூபா. அதற்குரிய சேமலாப நிதிப் பங்கும் சேர்ந்தே போகும். அந்தக் குடும்பத்துக்கு டூர் தொடங்கு முன்பே நட்டம். ஆகவேதான் ஞாயிறும் போயாவும் சேரும் கிழமையைத் தெரிந்தோம். சனிக்கிழமை வேலை முடித்து, ராத்திரிக்குக் கிளம்பி, திங்கள் மாலைக்குள் லயத்துக்குத் திரும்பி, செவ்வாய் காலை வழமைபோல் பெரட்டுக்கு நிற்கலாம். பிள்ளைகளுக்கும் பாடசாலை தவறாது. போயா அன்று சாராயக்கடையும் பூட்டியிருக்கும். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

காசுக்கு நம் பெண்கள் நன்கு அறிந்த வழியே போதும்: சீட்டு. ஆனால் குலுக்கல் இல்லாத சீட்டு. நவம்பர் இரண்டாம் கிழமையிலிருந்து பெப்ரவரி கடைசி வரை 16 கிழமை. கிழமைக்கு 250 ரூபா போட்டால் ஒரு குடும்பத்துக்கு 4,000 ரூபா சேரும். இருபது குடும்பம் சேர்ந்தால் 80,000 ரூபா. கணக்கை மாதர் தலைவி ஒருவரும் இளைஞர் ஒருவரும் சேர்ந்து எழுத வேண்டும். கிழமைதோறும் அதைக் கோயில் சுவரிலோ வாசிகசாலைக் கதவிலோ ஒட்ட வேண்டும். 250 ரூபாவும் முடியாத வீடுகள் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கின்றன. குடும்பத் தலைவர் இறந்த வீடு, நீண்ட நோய் இருக்கும் வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகளின் பங்கைச் சங்கத் தோட்டக் கமிட்டி ஏற்க வேண்டும். யாருக்குக் கொடுத்தோம் என்று ஊருக்குச் சொல்லக் கூடாது.

பயணத்துக்கு மூன்றாம் வகுப்பு சாதாரண டிக்கட் போதும். எல்ல ரயிலின் ஒதுக்கிய ஆசனங்களை மொத்தமாக வாங்கி வெளிநாட்டாருக்குப் பல மடங்கு விலைக்கு விற்ற கூட்டத்தைப் பற்றிய செய்தியும், அது தொடர்பான கைதுகளும் 2025 ஜனவரியில் வெளிவந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த விலைக்கு நாம் போகத் தேவையில்லை. கொழும்பிலிருந்து சனி இரவு புறப்படும் தபால் கோச்சி விடியுமுன் அட்டனைத் தாண்டும். ஞாயிறு காலையில் எல்லவில் இறங்கலாம். நேரத்தையும் கட்டணத்தையும் ஸ்டேஷனில் நேரில் கேட்டு எழுதி வாருங்கள். நீண்ட விடுமுறை என்பதால் கூட்டம் இருக்கும். பெரிய குழுவாகப் போவதை ஸ்டேஷன் மாஸ்டரிடம் முன்கூட்டியே கடிதமாகக் கொடுப்பது நல்லது.

தங்குவதற்கு எல்ல டவுனில் அறை எடுக்க நினைக்காதீர்கள். அங்கே விலை டொலர் கணக்கில்தான். எங்கள் யோசனை வேறு. பதுளை மாவட்டத்திலும் நம் சங்கத்துக்குத் தோட்டக் கிளைகள் இருக்கின்றன. பண்டாரவளை, எல்ல, தெமோதரைப் பக்கத்துக் கிளை ஒன்று நம்மை ஒரு இரவு வரவேற்கட்டும். தோட்டப் பாடசாலை மண்டபம், கோயில் மடம், சொந்தக்காரர் வீடு என்று பிரித்துத் தங்கலாம். ஏப்ரலில் நுவரெலியா சீசனுக்கு அவர்கள் குடும்பங்களோடு வரட்டும், நாம் இடம் கொடுப்போம். மாறி மாறி விருந்து. தங்கும் செலவு இல்லை. அதைவிடப் பெரிய லாபமும் இதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

அங்கே என்ன பார்ப்பது

எல்ல கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,040 மீற்றர் உயரத்தில் இருக்கும் சின்ன டவுன். நமக்கு நுவரெலியாவின் குளிரே பழக்கம் என்பதால் அங்கே சுவெட்டர் தேவைப்படாது போலத் தோன்றும். சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்பது வளைவுப் பாலம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில், 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. சுமார் 300 அடி நீளம், 80 அடி உயரம். கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டும்தான், இரும்பு வைக்கவில்லை. நூறு வருடம் தாண்டி இன்றும் அதன் மேல் கோச்சி ஓடுகிறது. பிள்ளைகளை அங்கே உட்காரவைத்து, ஒரு வளைவு எப்படிப் பாரத்தைப் பக்கவாட்டில் பிரித்து அடுத்த தூணுக்குக் கொடுக்கிறது என்று காட்டுங்கள். கணிதப் பாடமும் விஞ்ஞானப் பாடமும் அங்கேயே நடந்துவிடும்.

அடுத்தது தெமோதரை. அங்கே பாதை மலையைச் சுற்றி வளைந்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. மேலே ஸ்டேஷன், கீழே அதே பாதை. சரிவைக் குறைப்பதற்காகச் செய்த வேலை. மலையில் கொழுந்து மூட்டையோடு குறுக்குப் பாதையில் நேராக ஏறாமல், வளைந்து வளைந்து ஏறும் நமக்கு அந்தப் புத்தி நன்றாகவே விளங்கும்.

பிறகு சின்ன சிவனொளிபாதமலை. 1,141 மீற்றர். எல்ல டவுனிலிருந்து நடந்தே போகலாம், வயதானவர்களும் ஆறுதலாக ஏறலாம். பாதை தேயிலை மலைக்கு நடுவே போகிறது. இராவணா நீர்வீழ்ச்சி வெல்லவாய வீதியில் இருக்கிறது, பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். குளிப்பது மட்டும் வேண்டாம். வழுக்கும் பாறை, ஆழம் தெரியாத தண்ணீர்.

வரும் வழியைக் கட்டாயம் பகலில் வாருங்கள். பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை, இதல்கஸ்ஹின்ன, ஒஹிய என்று ஏறி, சுரங்கத்தைத் தாண்டினால் பட்டிப்பொல. இலங்கையில் ஆக உயரமான ரயில் நிலையம். அந்தச் சுரங்கத்தின் ஒரு பக்கம் ஊவா, மறு பக்கம் மத்திய மாகாணம். பிறகு அம்பேவெல, நானுஓயா, தலவாக்கலை, நம் மலை. தினமும் குனிந்து பார்க்கிற தேயிலையை அன்று ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம்.

உயிரோடு திரும்பி வரவேண்டும்

"டிசம்பர் விடுமுறையிலேயே போகலாமே" என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஊவாவில் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழைக்காலம். மண்சரிவு ஆபத்து உள்ள காலம் அது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 ஒக்டோபரோடு 11 வருடம். அந்தப் பக்கம் போகும் நாம் அதை நினைத்துக்கொண்டே போக வேண்டும். பெப்ரவரி, மார்ச்சில் அங்கே மழை குறைவு. நம் பக்கத்திலும் வெயிலில் கொழுந்து குறைந்திருக்கும் காலம்.

பஸ் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில், சுற்றுலா வந்து திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். நம்மைப்போலச் சேர்ந்து, சந்தோஷமாக வந்த ஊழியர்கள். அந்தக் குடும்பங்களின் துக்கத்தில் நமக்கும் பங்கு உண்டு. அதிலிருந்து நாம் எடுக்க வேண்டியவை: மலைப் பாதையில் இரவுப் பயணம் வைக்காதீர்கள். பஸ் பிடிக்க நேர்ந்தால், வாடகை குறைவு என்பதற்காகப் பழைய வண்டி பிடிக்காதீர்கள். பிரேக்கையும் டயரையும் வண்டி தெரிந்த ஒருவரை வைத்துப் பாருங்கள். முதல் நாள் முழுக்க ஓட்டிக் களைத்த டிரைவரை மறுநாள் ஓட்ட விடாதீர்கள். லொறியில் ஆள் ஏற்றுவது அறவே வேண்டாம். கோச்சியில் மிதிபலகையில் தொங்கி செல்பி எடுக்கும் பழக்கம் நம் இளைஞர்களுக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டார் செய்கிறார்கள் என்பதற்காக விழுந்தால் அடிபடாமல் இருக்காது. பாலத்தில் கோச்சி வரும் நேரம் பார்த்து ஒதுங்கி நில்லுங்கள். ஒவ்வொரு ஐந்து பிள்ளைக்கும் பெரியவர் ஒருவர் பொறுப்பு.

மலையில் நிற்பவரைக் கண்டால்

சின்ன சிவனொளிபாதமலைக்கு ஏறும் வழியில் கொழுந்தெடுக்கும் பெண்களைக் காண்பீர்கள். போயா நாளில் இல்லாவிட்டாலும் வேறு நாளில் போனால் நிச்சயம் காணலாம். வெளிநாட்டார் அவர்களை நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். சிலர் காசு கொடுப்பார்கள், சிலர் கேட்காமலே எடுத்துவிட்டுப் போவார்கள். நம்மில் எத்தனையோ பேருக்கு இந்த அனுபவம் உண்டு. தலைத்துண்டைச் சரிசெய்யுமுன்னே கிளிக் பண்ணிவிடுவார்கள்.

நம் ஆட்கள் செய்ய வேண்டியது வேறு. போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "வணக்கம் அக்கா, எந்த டிவிஷன்?" என்று கேளுங்கள். ஒரு பேருக்கு எத்தனை கிலோ கேட்கிறார்கள்? மேலதிக கிலோவுக்கு எவ்வளவு? தராசில் ஈரம் என்றும் கூடை என்றும் எவ்வளவு கழிக்கிறார்கள்? மாதத்தில் எத்தனை நாள் வேலை? இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதி வாருங்கள். நாங்கள் மேலே சொன்ன பெரிய லாபம் இதுதான். அட்டன் பக்கத்துத் தொழிலாளிக்கு ஊவாவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஊவாவில் இருப்பவருக்கு இங்கே நடப்பது தெரியாது. கம்பனிகள் மட்டும் எல்லாத் தோட்டத்துக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுகின்றன. ஒரு இரவு ஒரே பாடசாலை மண்டபத்தில் படுத்துப் பேசிய இரண்டு தோட்டத்து ஆட்கள், அடுத்த முறை சம்பளப் பேச்சு நடக்கும்போது ஒருவரை ஒருவர் போன் பண்ணிக் கேட்பார்கள். மேடைப் பேச்சால் வராத ஒற்றுமை இப்படி வரும்.

எல்ல டவுனில் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. விடுதியில் கட்டில் விரிப்பவர், ஹோட்டலில் கோப்பை கழுவுபவர், ஓட்டோ ஓட்டுபவர் என்று நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கே நிற்கிறார்கள். அவர்களுக்குச் சேமலாப நிதி கட்டப்படுகிறதா, நியமனக் கடிதம் இருக்கிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். பெரட்டுக்களத்தை விட்டுப் போன பிள்ளை சங்கத்தையும் விட்டுப் போக வேண்டியதில்லை.

சங்கத் தலைமையிடம் கேட்பது

தோட்டக் கமிட்டி செய்ய வேண்டியதைச் சொன்னோம். மேலே செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று: அடுத்த பேச்சுவார்த்தை மேசையில், வருடத்துக்கு ஒரு குடும்பச் சுற்றுலா நாள், சம்பளத்துடன், என்ற கோரிக்கையையும் வைக்க வேண்டும். கம்பனிக்கு அது ஒரு நாள் சம்பளம். நமக்கு அது ஒரு புதிய உரிமை.

இரண்டு: அரச ஊழியருக்கு இருப்பது போல் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கும் வருடத்துக்கு ஒரு ரயில்வே வொரண்ட். நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் எல்லாக் கட்சிகளும் மேடை போட்டுப் பேசின. அந்தப் பேச்சுக்கு ஒரு டிக்கட்டாவது தரட்டும்.

மூன்று: தோட்டத்து பங்களாக்கள் பல இன்று சொகுசு விடுதிகளாகிவிட்டன. கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலையே ஹோட்டலாகிப் பல வருடம். அதில் வேலைவாய்ப்பும் வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பிராந்தியத்துக்கு ஒன்றாக, பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய பங்களாவையாவது திருத்தி, தொழிலாளர் ஓய்வு விடுதியாக நியாயமான கட்டணத்தில் தர வேண்டும். அந்தப் பங்களாக்களின் தரையை மெழுகியதும், தோட்டத்தில் பூ வைத்ததும், வெந்நீர் போட்டதும் நம் ஆட்கள். அதன் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்க நமக்குத் தகுதி இல்லையா?

இவை மூன்றும் மார்ச்சுக்குள் கிடைக்காது. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. நவம்பர் மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகப் போடுங்கள். மாதர் அணியின் கருத்தை முதலில் கேளுங்கள், எங்கே போவது, என்ன சாப்பிடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். எல்ல வேண்டாம், கடல் பார்க்க வேண்டும் என்றால் அதுவும் சரியே. சீட்டுக் கொப்பியை அன்றே திறந்து, முதல் 250 ரூபாவைத் தோட்டத் தலைவரே போட்டுத் தொடக்கிவைக்கட்டும். பெயர் கொடுக்க விரும்பும் குடும்பங்கள் மாதர் தலைவியிடம் கொடுக்கலாம்.